பிரித்தறிந்து பெயரிடுக!

நாய் கடித்துவிட்டது என்றவுடன் தமிழர் வீடுகளில் எழும் அச்சம் ஒன்றே. அது வெறிநோய் அச்சம். அதற்குரிய ஊசியைப் போட்டுக்கொண்டதும் இடர் நீங்கிற்று என்று வீட்டார் அமைதியுறுவர். அவ்வூசி இன்றியமையாதது, அதனை ஒரு நாளும் தள்ளிப்போடலாகாது. ஆனால் வெறிநோயை விளைப்பது ஒரு நச்சுயிரி. ஊசி தடுப்பதும் அந்த நச்சுயிரி ஒன்றைத்தான். எந்நோயும் இல்லாத, முறையாகத் தடுப்பூசி போடப்பெற்ற வீட்டு நாயின் வாயிலும் இயல்பாக வாழும் நுண்ணுயிரிகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று, கடிவாய் வழியாகக் குருதியிற் புகுந்து, சில நாள்களில் ஆளையே வீழ்த்த வல்லது. அறிவியலார் அதற்கு இட்ட பெயர் காப்னோசைட்டோபேகா கனிமோர்சசு. நம் மக்கள் வழக்கில் அதற்குத் தமிழ்ப்பெயர் இல்லை. பெயர் இல்லாமையால் அதைப் பற்றிய பேச்சில்லை. பேச்சு இல்லாமையால் விழிப்பும் இல்லை.

மொழிகாக்கும் இயக்கத்திற்கு நாயின் வாயிலும் பூனையின் உகிரிலும் என்ன வேலை என்று சிலர் வினவலாம். சொல் இல்லாத இடத்தில் அறிவு கால்கொள்ளாது என்பதே நம் விடை. வீட்டு விலங்குகளில் புதிய நுண்ணுயிரி இனங்களைக் கண்டு, பிரித்து, வகைப்படுத்திப் பெயரிட்ட வரலாற்றை ஊன்றிப் பார்ப்பவர்க்கு இவ்வுண்மை வெள்ளிடைமலையாக விளங்கும். பெயரிடுவோர் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டிய பிழைகளையும் அவ்வரலாறே காட்டுகின்றது.

முதலில் நாய்வாய் நுண்ணுயிரியின் கதையைக் கேளுங்கள். 1976-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் இருவர், நாய்க்கடிக்குப் பின் குருதி நச்சுற்று மூளையுறை அழற்சிக்கும் ஆளான ஒருவரின் உடலிலிருந்து, அதுவரை பெயர் பெறாத ஒரு நுண்ணுயிரியைக் கண்டறிந்து எழுதினர். அது விரைந்து வளராதது. கரிவளி மிகுந்த சூழலில்தான் நன்கு தழைப்பது. ஆய்வகத் தட்டில் கண்ணுக்குப் புலப்படவே பல நாள் ஆகும். அட்லாண்டாவில் உள்ள நோய்த்தடுப்பு நடுவத்தார் அதற்கு ‘மெலிந்து வளரும் நொதிப்பி, இரண்டாங் கூட்டம்’ என்று பொருள்படும் குறியீடு ஒன்றை மட்டும் இட்டு வைத்தனர். பதின்மூன்று ஆண்டு அது பெயரின்றியே கிடந்தது. 1989-இல் பிரென்னர் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் பல நோயாளரிடமிருந்து கிடைத்த வகைகளை ஒப்பிட்டு, அது தனிச் சிற்றினமே என்று நிறுவிப் பெயரிட்டனர். 2016-இல் நாய்களின் வாயிலேயே வாழும் வேறொரு சிற்றினமும், 2020-இல் சப்பானியரால் பூனை வாயில் வாழும் இன்னொரு சிற்றினமும் அதே பேரினத்துள் பிரித்தறியப்பட்டன.

இப்பிரித்தறிதல் எவ்வாறு நிகழ்கின்றது? நுண்ணுயிரிக்குக் கொம்பில்லை; வாலில்லை; பூவில்லை; காயில்லை. 1872-இல் செருமானிய அறிஞர் கோன் உருவத்தைக் கொண்டு அவற்றை உருண்டை, குச்சி, சுருள் என வகுத்தார். 1884-இல் தென்மார்க்கு நாட்டு மருத்துவர் கிராம், சாயத்தை ஏற்று நிறுத்துவன, நிறுத்தாதன என இருகூறாக்கும் முறையைக் கண்டார். பின்வந்தோர், எந்தெந்தச் சர்க்கரையை நொதிக்கச் செய்யும், எவ்வளியில் வளரும் என்று பல்வேறு தேர்வுகளைச் சேர்த்தனர். 1977-இல் வூசு என்னும் அமெரிக்கர், உயிரணுவுக்குள் புரதம் சமைக்கும் சிற்றுறுப்பின் ஒரு பகுதியை ஒப்பிட்டு உயிர்க்குலங்களின் உறவையே அளக்கலாம் என்று காட்டினார். அவ்வழியில் இன்று, அவ்வுறுப்புக்குரிய மரபணு ஒன்றை எழுத்தெழுத்தாகப் படித்து ஒப்பிடுகின்றனர். அறிந்த எந்தச் சிற்றினத்தோடும் ஒப்புமை 98.7 விழுக்காட்டுக்குக் குறைந்தால், அது புதியதாகலாம் என்று கொள்வர்.

அம்மட்டில் நிறுத்துவதும் இல்லை. மரபுப்பொருள் முழுவதையும் ஒப்பிடவேண்டும். 1987-இல் வகுத்த அளவுப்படி, இரண்டின் மரபுப்பொருள் ஒன்றோடொன்று இணையும் அளவு 70 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அவை வேறு வேறு சிற்றினங்கள். முழு மரபுத்தொகுதியையும் படிக்க இயலும் இக்காலத்தில், எழுத்தொப்புமை 95 அல்லது 96 விழுக்காட்டுக்குக் கீழ்ப்பட்டதா என்று பார்க்கின்றனர். பின்னர், உயிருள்ள மாதிரியை இரண்டு வெவ்வேறு நாடுகளின் பொதுச் சேமிப்பகங்களில் ஒப்படைக்கவேண்டும்; உலகில் எவரும் அதனைப் பெற்று மீள ஆய்ந்து பார்க்க வழி இருக்கவேண்டும். அதன் பிறகே பெயர் நிலைபெறும். 1980-ஆம் ஆண்டு முதல் நாளில், பழம்பெயர்கள் பல்லாயிரத்தைத் தள்ளி, சான்றுடைய சில ஆயிரம் பெயர்களை மட்டும் ஏற்ற பட்டியலொன்று நடைமுறைக்கு வந்தது. ஒரு பெயருக்குப் பின் இத்துணை உழைப்பு!

இத்துணைக் கண்டிப்பிருந்தும் பிழை நேர்வதுண்டு. அதற்குப் பூனைக்கீறல் காய்ச்சலின் வரலாறே சான்று. பூனை கீறிய சில நாள்களில் அக்குளிலோ கழுத்திலோ நெறிகட்டிக் காய்ச்சல் வரும் இந்நோயை, பிரான்சு நாட்டு மருத்துவர் தெப்ரே 1950-இல் விளக்கி எழுதினார். நோயைக் கண்டாயிற்று, அதனை விளைப்பது எது? முப்பதாண்டுக்கு மேல் எவரும் அறியார். 1983-இல், வாசிங்டனில் அப்போது இயங்கிய படைத்துறை நோயியல் நிலையத்தார், வெள்ளிச்சாயம் ஏற்றிய நெறிக்கட்டித் துணுக்குகளில் சிறு குச்சி போன்ற நுண்ணுயிரிகளைக் கண்டனர். பின்னர் ஒரு நுண்ணுயிரியை வளர்த்தும் எடுத்தனர். 1991-இல் அதற்கு அஃபிப்பியா பெலிசு எனப் பெயர் சூட்டப்பெற்றது. முன்சொல் அந்நிலையத்தின் ஆங்கிலப் பெயர் முதலெழுத்துகளைக் கோத்து ஆக்கியது. பின்சொல் இலத்தீனில் பூனையைக் குறிப்பது. நோய்முதல் கிடைத்துவிட்டது என்று உலகம் நம்பிற்று.

மறு ஆண்டே அந்நம்பிக்கை ஆட்டங்கண்டது. 1992-இல் பிறிதொரு நுண்ணுயிரி, நோயெதிர்ப்பாற்றல் குன்றியோர் குருதியிலிருந்து பிரித்தறியப்பட்டது. அதனைக் கண்டறியத் துணைநின்ற ஆய்வகப் பணியாளர் ஒருவரின் பெயரால் அது என்செலே எனப் பெயர் பெற்றது. பூனைக்கீறல் நோயாளரின் குருதியை ஆய்ந்தபோது, அவருள் மிகப் பெரும்பாலோரிடம் இதற்கு எதிரான காப்புப்பொருளே காணப்பட்டது. 1993-இல் அது பார்த்தொனெல்லா என்னும் பேரினத்தில் சேர்க்கப்பட்டது. 1994-இல், நோயின் அறிகுறி ஒன்றும் இல்லாத வீட்டுப் பூனைகளின் குருதியிலேயே அது வாழ்வதும் வெளிப்பட்டது. பூனைக்குப் பூனை அதனைப் பரப்புவது தெள்ளுப்பூச்சி என்பது 1996-இல் உறுதியாயிற்று. தெள்ளின் கழிவு பூனையின் உகிரில் ஒட்டி, கீறல் வழியே மாந்தர் உடலிற் புகுகின்றது. ஆகவே பூனையைத் துரத்துவதால் பயனில்லை. தெள்ளை ஒழிப்பதே வழி.

இங்கு ஒரு செய்தியை உன்னுக. 1991-இல் முதற்பெயரைச் சூட்டிய குழுவுக்கு முதல்வராக நின்றவர், நாய்வாய் நுண்ணுயிரிக்குப் பெயரிட்ட அதே பிரென்னர். இரண்டே ஆண்டில், உண்மையான நோய்முதலை உரிய பேரினத்திற் சேர்த்த 1993-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கும் அவரே முதல்வர். முன்னர்ச் சூட்டிய பெயரைத் தாங்கிப்பிடிக்க அவர் முனையவில்லை. சான்று சென்ற பக்கம் சென்றார். அறிவியல் என்பது இது! ஆனால் அஃபிப்பியா பெலிசு என்னும் பெயர் மட்டும் மாறவில்லை. பொருந்தாப் பெயர் என்பதற்காகவே ஒரு பெயரை நீக்கலாகாது என்பது பன்னாட்டுப் பெயரீட்டு விதி. பூனையோடு உறவு நிறுவப்படாத அவ்வுயிரி இன்றும் பூனைப் பெயரைச் சுமந்து நிற்கின்றது.

பெயர்ப்பிழை ஏட்டோடு நிற்பதன்று. மருந்துக்கும் சென்று தாக்கும். நாயின் தோலில் சீழ்ப்புண் உண்டாக்குவனவற்றுள் தலையாயது இசுட்டாபைலோகாக்கசு பேரினத்தைச் சேர்ந்த ஒரு நுண்ணுயிரி. கொடிமுந்திரிக் கொத்துப்போல் உருண்டைகள் திரண்டிருப்பதால் வந்த பெயர் அது. 1976-இல் செக்கோசுலோவாக்கிய ஆய்வர் ஒருவர், புறா, நாய் முதலியவற்றிற் கண்டதை ‘இடைப்பட்டது’ என்று பொருள்படும் இன்டர்மீடியசு என்னும் பெயரால் அழைத்தார். முப்பதாண்டுக் காலம் நாய்ப்புண்ணில் கண்டதெல்லாம் அப்பெயரே பெற்றது. 2005-இல் பெல்சிய நாட்டு ஆய்வர் தலைமையிலான குழுவினர், பூனை, நாய், குதிரை, கிளி ஆகியவற்றிற் கிடைத்த மாதிரிகளை ஆய்ந்து, ‘போலி இடைப்பட்டது’ என்னும் பொருளில் சூடின்டர்மீடியசு எனப் புதுச்சிற்றினம் வகுத்தனர். 2007-இல் சப்பானியரும் இசுக்காட்லாந்தினரும் தனித்தனியே ஆய்ந்து, நாய்களிடம் காணப்பட்டது பெரும்பாலும் இப்புதிய சிற்றினமே என்று காட்டினர்.

இதனால் விளைந்ததென்ன? மாந்தர் புண்ணில் வழக்கமாகக் காணப்படும் ஆரியசு என்னும் சிற்றினம் மருந்துக்கு அடங்குமா என்று அறியச் செபாக்சிட்டின் என்னும் மருந்துத் தட்டைக் கொண்டு தேர்வு செய்வர். அத்தேர்வு நாயின் சிற்றினத்திற்குப் பொருந்தாது. அடங்காததையும் அடங்குவதாகக் காட்டிவிடும். அதற்கு ஆக்சாசிலின் கொண்டே தேர்வு செய்யவேண்டும். நாய் கடித்த புண்ணிலிருந்து எடுத்ததை ஆரியசு என்று ஆய்வகத்தார் தவறாக எழுதிவிட்டால், தேர்வு பிழைக்கும். தேர்வு பிழைத்தால் மருந்து பிழைக்கும். மருந்து பிழைத்தால் நோயாளி படும்பாடு சொல்லவும் வேண்டுமோ? பெயரில் என்ன இருக்கிறது என்பார்க்கு இதனினும் வேறு விடை வேண்டா.

பிரித்தறிந்த பின்னரே பெயரிடுதல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியத்து மரபியல், உயிர்களை அறிபுலன்களின் எண்ணிக்கை கொண்டு ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்துக் காட்டுகின்றது. விலங்குகளின் இளமைப் பெயர்களை ஒன்பதாகத் தொகுத்து, எவ்விலங்கிற்கு எப்பெயர் உரியதென வரையறுக்கின்றது. நாயின் இளமைக்குக் குருளை என்னும் பெயரை உரிமையாக்குகின்றது. கண்டு, பகுத்து, பெயரிட்டு, மரபாக்கும் ஒழுங்கு அங்கே உள்ளது. அதற்காக, நுண்ணுயிரியையும் நம் முன்னோர் கண்டிருந்தனர் என்று கூறித்திரிவது பொய்ப்பெருமை. அதனை நாம் ஒருபோதும் ஏற்கமாட்டோம். முன்னோர் நமக்கு விட்டுச்சென்றது முறை. அம்முறையைப் புதுப்பொருள்மேற் செலுத்தவேண்டியது நம் கடன்.

இனி, அயற்பெயர்களைக் கண்டு மலைப்போர்க்கு ஒரு சொல். அப்பெயர்கள் வானினின்று விழுந்தனவல்ல. கனிமோர்சசு என்பதற்கு நாயின் கடி என்பதே பொருள். பெலிசு என்றால் பூனை. பாக்டீரியா என்பதே கிரேக்கத்தில் சிறு குச்சியைக் குறிப்பது. குச்சி என்றும் கடி என்றும் கொத்து என்றும் அவர்கள் தம் தொன்மொழியிற் சொல்லின் அது அறிவியலாம். நாம் நம் தாய்மொழியிற் சொல்லின் அது பட்டிக்காட்டுப் பேச்சாம்! இத்தாழ்வுமனப்பான்மை எந்த நுண்ணுயிரியினும் கொடிய நோய்.

பன்னாட்டு விதியும் பெயரின் வடிவம் இலத்தீனாக இருக்கவேண்டும் என்கின்றதேயன்றி, வேர்ச்சொல் எம்மொழியினின்றும் வரலாம் என்று இடந்தருகின்றது. கொரியர் தம் ஊறுகாய் உணவாகிய கிம்ச்சியிற் கண்ட நுண்ணுயிரிக்கு 2000-ஆம் ஆண்டில் கிம்ச்சி என்னும் தம் சொல்லையே பெயராக்கி உலகேட்டில் ஏற்றினர். பன்னாட்டு விண்வெளி நிலையத்திற் கண்ட இரு நுண்ணுயிரிகளுள் ஒன்று 2017-இல் அப்துல் கலாம் பெயராலும், மற்றொன்று 2021-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியராய் விளங்கிய அசுமல்கான் பெயராலும் வழங்கப்பெற்றன. தமிழ்மண்ணின் அறிஞர் பெயர் உலகேட்டில் ஏறிற்று, தமிழ்ச்சொல்லும் ஏறவேண்டும். தமிழ்நாட்டு விலங்கில் புதிய சிற்றினத்தைக் கண்டறிபவன் தமிழனாக இருப்பின், அதற்கு வழி திறந்தே கிடக்கின்றது.

தமிழ்ப்பெயர் ஆக்குவது எங்ஙனம்? கனிமோர்சசு என்பதை அப்படியே நாய்க்கடி நுண்ணுயிரி எனப் பெயர்த்தால் என்ன என்று தோன்றும். ஆனால் நம் மக்கள் நாவில் நாய்க்கடி என்பது வெறிநோயையே நினைப்பூட்டும்; இரண்டும் ஒன்றென மயங்குவர். எதைத் தவிர்க்கப் பெயரிடுகின்றோமோ அதையே அப்பெயர் வளர்த்துவிடும். அவ்வுயிரி வாழுமிடம் நாயின் வாய். அதன் பேரினம் கரிவளியை நாடி வளர்வது. ஆகவே பேரினத்தைக் கரிவளிநாடி எனக் கொண்டு, இதனை நாய்வாய்க் கரிவளிநாடி எனலாம். பூனை வாயிற் கண்டது பூனைவாய்க் கரிவளிநாடி ஆகும். அடைமொழி முன்னும் இனப்பெயர் பின்னும் நிற்பது தமிழின் இயல்பே. பார்த்தொனெல்லா என்செலே மக்கள் வழக்கில் பூனைக்கீறல் நுண்ணுயிரி எனப்படலாம். இவை முடிந்த முடிபல்ல. அறிஞர் ஆய்ந்து திருத்துக.

ஆட்பெயரால் அமைந்தவற்றைப் பெயர்க்கப் புகுதல் கூடாது. நாய், பூனைகளின் வாயில் வாழும் பாசுட்டரெல்லா என்பது பாசுட்டர் என்னும் பிரெஞ்சுப் பேரறிஞர் நினைவாக வந்தது. பாசுட்டர் என்னும் சொல்லின் வேர் இடையனைக் குறிக்கின்றதென்று கண்டு, இடைய நுண்ணுயிரி என்று ஒருவர் பெயர்ப்பாராயின் ஆட்டுக்கும் மாட்டுக்கும் அதனைக் கட்டிவைத்த பழி அவரைச் சேரும். பொருளை ஆராயாமல் அகரமுதலியை மட்டும் புரட்டிச் சொல்லாக்குவது தமிழ்த்தொண்டன்று. தமிழின்மேல் ஏளனத்தை வரவழைக்கும் செயல்.

இரட்டைப் பெயர் குழப்பம் தராதா என்று கேட்பர். தராது. ஆய்வகத்தார் தம் பதிவில் உலகப்பெயரையே எழுதுக. அப்பெயர் நாடுதோறும் மாறாதிருப்பதாலேயே சப்பானியன் கண்டதைப் பெல்சியன் ஒப்பிட முடிகின்றது. அதனைத் தமிழெழுத்தில் எழுதுவதற்கும் தடையில்லை. மருத்துவர் வாயினின்று மக்கள் செவிக்குச் செல்லும் பெயரோ தமிழாயிருத்தல் வேண்டும். அதில் ஒரு நன்மையும் உண்டு. உலகப்பெயர் பொருந்தாதது என்று தெரிந்த பின்னும் விதியாற் கட்டுண்டு கிடக்கும். வழக்குப்பெயருக்கு அக்கட்டில்லை, உண்மை தெளிந்தவுடன் திருத்திக்கொள்ளலாம்.

தனித்தமிழ் அன்பர்களே! மறைமலையடிகளார் 1916-இல் தொடங்கிய இப்பணி, சொற்களைத் தூய்மைப்படுத்துவதில் பெரும் வெற்றி கண்டது. ஆயினும், பிறர் கண்டுபிடித்துப் பெயரிட்டு முடித்த பின், மேசையருகே அமர்ந்து அப்பெயரைப் பெயர்த்துக்கொண்டேயிருப்பது ஓர் இனத்திற்கு நிலையான பெருமை தராது. கண்டறிபவனே பெயரிடும் உரிமை பெறுகின்றான். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. கால்நடை மருத்துவ அறிவியலுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் 1989-இல் தோன்றிற்று. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என நம் மண்ணுக்கே உரிய நாயினங்கள் உள்ளன. அவற்றின் வாயிலும் தோலிலும் வாழும் நுண்ணுயிரிகளை முறையாகப் பிரித்தறியும் பணியில் தமிழ் இளைஞர் பெருகவேண்டும். தம் ஆய்வுரையின் சுருக்கத்தையேனும் நல்ல தமிழில் எழுதவேண்டும். மொழியறிஞர் ஆய்வகத்திற்குச் சென்று நுண்ணோக்கி வழியே கண்டு, அறிவியலாரோடு கலந்து பேசிச் சொல் ஆக்கவேண்டும்.

அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லத்தக்கன சில. நாயோ பூனையோ கடித்தாலும் கீறினாலும், உடனே ஓடும் நீரில் வழலையிட்டுப் புண்ணை நன்கு கழுவுக. மருத்துவரை நாடி வெறிநோய் ஊசி போட்டுக்கொள்வதோடு, நுண்ணுயிரிக்குரிய மருந்து வேண்டுமா என்றும் கேளுங்கள். மண்ணீரல் நீக்கப்பட்டோர், மிகுகுடியர், நோயெதிர்ப்பாற்றல் குன்றியோர் ஆகியோர்க்கு நாய்வாய்க் கரிவளிநாடி பேரிடர் விளைக்கும். அவர்கள் அந்நிலையை மருத்துவரிடம் மறவாது கூறுக. கடிபட்ட சில நாள்களில் காய்ச்சலும் நடுக்கமும் கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு விரைக. பூனை வளர்ப்போர் தெள்ளை ஒழிக்க. நாயையும் பூனையையும் வெறுக்க வேண்டா. அவற்றோடு வாழும் அறிவைப் பெறுக.

இவ்வறிவுரை முழுவதையும் தமிழிலேயே சொல்ல முடிந்ததல்லவா? முடியாது என்போர் முயலாதோர். கண்டறிவோம், பிரித்தறிவோம், பிழை நேரின் நாணாது திருத்துவோம், நம் மக்கள் உயிர்காக்கும் சொல்லை நம் மொழியிலேயே ஆக்குவோம். தமிழ் வெல்க!